கத்தியைக் கடையில் கொடுக்காதே

மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். நெட்டையனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், பெயர் வைக்க உன்னைத்தான் கேட்கச் சொன்னான். மற்றதெல்லாம் நேரில்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கத்தி! செந்தூல் வீட்டு ஸ்டோரிலா இத்தனை வருஷம் கிடந்தது? ஆனால் கடையில் கொடுத்துப் பளபளவென்று தீட்டி ஹாலில் மாட்டப் போவதாக எழுதியிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம்டா.

தங்கச்சி தன் மீன் கத்தியை இங்கே பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் கொடுத்தாள். பொறி பறக்க கிரைண்டரில் பிடித்துத் தந்தார்கள். அன்றைக்கு நன்றாக வெட்டியது, மறுநாளே மழுங்கிவிட்டது. வெளிச்சத்தில் பார்த்தேன், கத்தியின் வாய் ஓரம் நீலம் பாரித்திருந்தது. இரும்புக் கத்தியை ஏறக்குறைய 200 டிகிரியில் சூடாக்கித்தான் பதம் வைப்பார்கள். நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரி பக்கம் போய்விட்டது, அந்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம். பாலிஷ் போட்டால் நீலம் மறையும். பதம் திரும்பாது. இளகிய பகுதி முழுவதையும் தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லில் தேய்த்தே எடுத்தேன். இரண்டு சாயங்காலம் பிடித்தது, கோபம் அதற்குள் போய்விட்டது.

அந்த வேலையில் ஒரு சுகம் இருக்கிறது, மச்சான். கத்தி வாயில் மார்க்கர் மையைப் பூசி 1000 நம்பர் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. கோணத்தை அதை வைத்தே திருத்திக்கொள்ளலாம். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும், விரலால் தடவினால் மாட்டும். வாய் நெடுகப் பிசிறு வந்தால்தான் தேய்த்த பக்கம் முடிந்தது. அப்புறம் மறுபக்கம். கடைசியில் பழைய பெல்ட்டின் தோலில் பச்சை மெருகுப் பசை தடவி, கத்தியைப் பின்பக்கமாக இழுத்தால் பிசிறு போய்விடும். சமையல் கத்திக்கு இது போதும். இன்னும் நைஸான 6000 நம்பர் கல் வரை ஏற்றினால் மின்னும், ஆனால் தக்காளித் தோலில் வழுக்கும்.

அப்பாவின் கத்தி வேறு ஜாதி. வாய் மடிந்து, உள்ளே குழிந்திருக்கும். தட்டையான கல் உள்ளே போகாது, சக்கரமோ அந்த வடிவத்தையே தின்றுவிடும். மெல்லிய குச்சியில் சேண்ட்பேப்பரைச் சுற்றித்தான் உள்பக்கம் தேய்க்க வேண்டும்.

அவர் தினமும் தீட்டித் தீட்டி வந்த வளைவுடா அது. மரப்பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் உள்ளே காயம்பட்டு மறுபடி வரும் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். உன் அப்பா பால் வெட்டிய மர வரிசையில் முடிச்சே கிடையாது என்று தோட்டத்துக் கங்காணியே சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் கை கத்தியில் மிச்சம் இருக்கிறது. அதைப் போய் கிரைண்டரில் கொடுப்பதா?

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு வருவாய் அல்லவா, அப்போது எடுத்து வா, சேர்ந்து உட்கார்ந்து தீட்டுவோம். அதுவரை தையல் மெஷின் எண்ணெய் தடவிப் பழைய நாளிதழில் சுற்றி வை. தோல் உறையில் போடாதே, ஈரம் இழுத்துத் துரு ஏறும். தங்கச்சி மீன் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அண்ணியையும் அழைத்து வா.

உன் கூட்டாளி