குள்ளன் ஏன் பிள்ளையைக் கேட்டான்?

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய கதையைப் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து இரண்டு தடவை படித்தேன். ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்ற ஜெர்மனிக் கதையை நொய்யல் கரைக்குக் கொண்டுவந்துவிட்டாயே! என் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று மில்லுக்காரர் ராஜாவிடம் பீற்றிக்கொள்ள, ஒரு குள்ளன் வந்து அவளுக்காக நூற்றுக் கொடுக்கிறான்; அவள் ராணியானதும் சொன்னபடி முதல் பிள்ளையைக் கேட்கிறான், என் பெயரைக் கண்டுபிடித்தால் விட்டுவிடுகிறேன் என்கிறான். அங்கே மில்லுக்காரர் என்றால் மாவு அரைக்கிறவர். நீ அவரை நூல் மில் வாசலில் நிறுத்திவிட்டாய். வைக்கோலுக்குப் பதில் சோளத்தட்டு. குள்ளன் கை வைத்ததும் தட்டெல்லாம் பொன்நூலாகிப் பாபின் பாபினாய் நிறைவதும், விடிவதற்குள் அவன் பஞ்சுத்தூசியாகிக் கதவிடுக்கில் போய்விடுவதும் எனக்குப் பிடித்தது.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். "இவ்வளவு தங்கம் செய்யத் தெரிந்தவனுக்குப் பிள்ளை எதற்கும்மா? அந்த இடம்தான் பிடிபடவில்லை."

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா, உன் அப்பிச்சியும் அந்த மில்லுக்காரர் மாதிரிதான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் "சின்னப்புள்ளைக்கு இருபது பவுன் போடறனுங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தது நாலு எருமை, ஒரு கிணறு. அதிலும் தண்ணீர் இல்லை. நகை போட்டது உன் பெரியம்மா. பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பியபின் மில்லுக்குப் போனவள் அவள். ஸ்பின்னிங்கில் நைட் ஷிப்ட். அறுந்த நூலை ஒட்டி ஒட்டி விரல் நுனி வழவழவென்று ஆகியிருந்தது. காலையில் தலையெல்லாம் பஞ்சோடு வருவாள், கிழவி வந்துவிட்டாள் என்று சிரிப்போம். அவள் சீட்டுப் போட்டுச் சேர்த்தது, கழுத்தில் கிடந்தது, கையில் கிடந்தது எல்லாம் என் மேல் ஏறியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கட்டுத்தரையில் வைத்து நான்தான் அவள் கையைப் பிடித்துச் சொன்னேன், முதல் பிள்ளை உனக்குத்தான் அக்கா என்று. குள்ளனாவது வாய்விட்டுக் கேட்டான். அவள் கேட்கக்கூட இல்லை.

நீ பிறந்த மூன்றாம் மாதம், உனக்குத் தொட்டிலாய்த் தூரி கட்டப் புதுச்சேலை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். பெயர் தெரிந்த பிறகும் ராணி தெரியாதவள் போல "உன் பேர் குன்ஸா? ஹைன்ஸா?" என்று கேட்பாளே, நானும் அப்படித்தான் கேட்டேன். "எதுக்குக்கா சேலை? நான் எப்ப என்ன சொன்னேன்?" அவள் என் முகத்தையே பார்த்தாள். சேலையைத் திண்ணையில் வைத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டாள். சாப்பிடக்கூட இல்லை.

உன் கதையில் குள்ளன் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதலில் அச்சிட்டபோது அப்படி இல்லை என்று நீதானே சொன்னாய். கோபத்தில் ஓடிப்போகிறான், திரும்ப வரவே இல்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த முடிவுதான் நிஜமாகப் படுகிறது. அக்கா சத்தம்கூடப் போடவில்லை. அதற்கப்புறம் நம் வீட்டு வாசற்படி மிதிக்கவும் இல்லை. "பெரியம்மாவுக்கு லீவு கிடைக்கல" என்று உனக்குச் சொல்லி வந்ததெல்லாம் பொய்.

அப்புறம், குள்ளன் ராணியிடம் ஒன்று சொல்வான், உலகத்துச் செல்வத்தைவிட உயிருள்ள ஒன்றுதான் எனக்குப் பெரிது என்று. நீ அதை விட்டுவிட்டாய். சேர்த்துக்கொள்.

உன்னைக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது கேட்டாலும் கொடுக்கமாட்டேன். ஆனால் சொன்னதைச் சொல்லவே இல்லை என்றேனே, அதுதான்.

மாரியம்மன் நோம்பிக்கு வரும்போது ஊத்துக்குளியில் இறங்கிக்கொள். பெரியம்மா வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பு வாங்காதே. அந்தச் சேலையில் உனக்குத் தூரி கட்டவே இல்லை, பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்று சொல். நான் வந்தால் கதவைத் திறப்பாளா என்றும் கேட்டு வை.

அம்மா