அந்த மைதானத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்காவின் லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1957 செப்டம்பரில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த அந்தப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் போகக் கூடாது என்று ஆர்கன்சா மாநில கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் ஆயுதப் படையை வாசலில் நிறுத்தியது, அந்த ஒன்பது பேரில் எலிசபெத் எக்ஃபோர்டு என்ற பெண் அந்த வெறிக் கூட்டத்தின் நடுவே தன்னந்தனியாக நடந்தது, அப்புறம் ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தையே அனுப்பியது, எல்லாம் மனதில் நிற்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். ஆனால் விளையாட்டை மட்டும் தனியாகப் பிரித்து, கடைசிப் பக்கத்தில் நாலு வரிப் பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பள்ளியில் இரண்டும் ஒரே கதை.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பள்ளியை நேரில் பார்த்தேன். 1927இல் 15 லட்சம் டாலர் செலவில் கட்டியது. வாசலுக்கு மேலே நான்கு சிலைகள், அதில் ஒன்றின் பெயர் 'வாய்ப்பு'. எல்லாரும் முன்வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் தானாகப் பின்பக்கம் குவிக்லி மைதானத்துக்குத்தான் போனது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

நீங்கள் போட்ட நாலு வரி சரிதான். 1957இல் வில்சன் மேத்யூஸ் பயிற்சியில் சென்ட்ரல் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் நாட்டிலேயே முதல் அணி என்று பெயர் வாங்கியது. (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து.) ஆனால் அது எந்த வருஷம் என்று பாருங்கள். ராணுவச் சிப்பாய்கள் அந்த ஒன்பது பேரை வகுப்புக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த அதே வருஷம்! அந்த ஒன்பது பேரும் எந்த அணியிலும் சேரக் கூடாது, பாட்டுக் குழுவில்கூடச் சேரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஜெஃபர்சன் தாமஸ் முந்தைய பள்ளியில் நல்ல ஓட்டக்காரர். சென்ட்ரலுக்கு வந்ததும் ஓட்டம் நின்றது. பதினைந்து வயதுப் பையனுக்கு மைதானத்தை மூடினால் அவன் எப்படி ஆகிப்போவான் என்று எனக்குத் தெரியும், முப்பது வருஷம் அந்த வயதுப் பிள்ளைகளோடுதான் இருந்தேன்.

1958 மே மாதம் அந்த ஒன்பது பேரில் கடைசி வகுப்பில் இருந்த ஒரே மாணவரான எர்னஸ்ட் கிரீன் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியதும் இதே குவிக்லி மைதானத்தில்தான். அறுநூறு மாணவர்களில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் வந்து கிரீன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மற்ற பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டபோது கைதட்டல். கிரீன் பெயரைக் கூப்பிட்டதும் மைதானமே அமைதியாகிவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில மாதங்களுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தி அணியை உற்சாகப்படுத்திய ஊர் அது.

அடுத்த வருஷக் கதை இன்னும் மோசம், அது உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பூட்டுவதே மேல் என்று 1958 செப்டம்பரில் கவர்னர் ஊரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். 3,665 பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் தினமும் வந்து காலி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் கால்பந்து ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை! பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது, பந்தயம் மட்டும் உண்டு. விளையாட்டை உயிராக நினைக்கிற எனக்கே இதைப் படித்தபோது நெஞ்சு எரிந்தது. படிப்பில்லாத பள்ளியின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஓடிய அந்தப் பையன்களை நினைத்தாலும் பாவமாக இருக்கிறது, அவர்கள் என்ன செய்வார்கள்?

1959இல் பள்ளி திறந்தபோது ஜெஃபர்சன் தாமஸும் கார்லோட்டா வால்ஸும் திரும்ப வந்து, 1960இல் படிப்பை முடித்தார்கள். இந்தத் திரும்பி வருதலுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதையாவது எழுதியிருக்கலாம்.

பள்ளி இன்றும் நடக்கிறது, தேசிய வரலாற்றுத் தலமாகவும் இருக்கிறது. அடுத்த இதழில் இடம் இருந்தால் அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்தி, வெற்றி பெற்ற அணியோடு அணியில் சேர்க்கப்படாத ஒன்பது பேரையும், மூடிய வருஷத்தையும் சேர்த்துப் போடுங்கள். குவிக்லி மைதானத்தை நான் எடுத்த படம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்