ஞாயிறு காலை ஒரு பஸ்: நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், நகராட்சிப் போக்குவரத்துக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மருத்துவமனைக்கு ஞாயிறு அதிகாலையில் பஸ் கேட்டு, செவிலியர்கள் நாங்கள் ஜெர்மனில் எழுதிய கடிதம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பதில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இப்போது தமிழில் எழுதக் காரணம், ஊரில் நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மன் பி2 தேர்வுக்கு ராப்பகலாகப் படித்துக்கொண்டு, ஜெர்மனியின் இந்த மாதிரிச் சிறு நகரங்களுக்கு வேலைக்கு வரக் காத்திருக்கும் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும் என்பதுதான். உங்களுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பின்னணி உங்களுக்கே தெரியும். நம் நகரம் ஆற்றங்கரையில், மருத்துவமனை குன்றின் மேல். காலை ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்குகிறது. திங்கள் முதல் சனி வரை அதற்குத் தோதாக பஸ் இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறன்றும் விடுமுறை நாட்களிலும் முதல் பஸ் 8.42-க்கு. அதற்குள் நாங்கள் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து, கழுவித் துடைத்து, காலை உணவும் கொடுத்து முடித்திருப்போம். ஆகவே கேட்பது இதுதான்: ஞாயிறன்றும் விடுமுறை நாட்களிலும், காலை 5.45-க்குள் மருத்துவமனை வாசலுக்கு வந்து சேரும் ஒரு பஸ்.

ஜனவரியில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும், உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அந்த நான்கு வரிக்குள் வராததை நான் சொல்கிறேன். நடைபாதையில் விழும் பனியை அந்தந்த வீட்டுக்காரர்கள் அள்ள வேண்டும், வழுக்காமல் பொடிக்கல் தூவ வேண்டும் என்பது விதி. நம் ஊரில் அதற்குக் கெடு வேலை நாட்களில் காலை 7 மணி, ஞாயிறென்றால் 9 மணி. மக்களை ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்க விடுகிற நல்ல விதிதான். ஆனால் ஞாயிறு காலை 5 மணிக்கு மேட்டில் ஏறுகிறவளுக்கு நடைபாதை என்று ஒன்று கிடையாது. தார்ச்சாலையில் மட்டும் உங்கள் வண்டி வந்து பனியைத் தள்ளியிருக்கும், ஆம்புலன்ஸ் போக வேண்டுமே. அதனால் சாலை ஓரமாகவே இருட்டில் நடக்கிறோம். பின்னால் வெளிச்சம் தெரிந்தால், ஓரத்தில் தள்ளிக் குவித்த பனியின் மேல் ஏறி நின்றுகொள்கிறோம். வண்டி போனதும் இறங்குகிறோம். அந்த இறங்கும் இடத்தில்தான் என்னோடு ஒரே வார்டில் வேலை செய்கிற பெண் வழுக்கி விழுந்தாள். கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது, கண்ணுக்கே தெரியவில்லை. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. 6 மணிக்கு எங்கள் ஷிப்ட் தொடங்கியபோது அவள் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோயாளியாக இருந்தாள். இரவு முழுக்க வேலை பார்த்த ஒருவர் அவளுக்குப் பதிலாக மதியம் வரை நின்றார்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் அதை வேலை விபத்தாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது ஜெர்மன் சட்டம். சிகிச்சைச் செலவை விபத்துக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. அந்த விஷயத்தில் இந்த நாட்டை மெச்சத்தான் வேண்டும். எலும்பு உடைந்த பிறகு அந்தப் பாதை வேலையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. உடைவதற்கு முன்னால் அது எங்கள் சொந்த விஷயம்.

உங்கள் பதில் கடிதத்தில், ஞாயிறு அதிகாலையில் போதுமான தேவை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயணிகளை எண்ணிப் பார்த்தீர்களாம். எந்த பஸ்ஸில் எண்ணினீர்கள்? 8.42 பஸ்ஸில். கடையைப் பூட்டி வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று சொன்னால் எப்படி? மருத்துவமனையின் ஷிப்ட் பட்டியலைக் கேட்டு வாங்கியிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். முதியோர் இல்லமும் அதே மேட்டில்தான் இருக்கிறது. துப்புரவுப் பணியாளர்கள், சமையலறை ஆட்கள் எல்லோரும் அதே இருட்டில்தான் ஏறுகிறார்கள்.

போன் செய்தால் வரும் பஸ்ஸைப் பயன்படுத்தச் சொல்கிறீர்கள். பயணத்துக்கு 60 நிமிடம் முன்னால் பதிவு செய்ய வேண்டும்; ஞாயிறன்று அந்தத் தொலைபேசியை 8 மணிக்குத்தான் எடுக்கிறார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. டாக்ஸி? முன்தினமே சொல்லி வைத்தால், சில சமயம் வருகிறது. ஞாயிறு வேலைக்கென்று மணிக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறதே, அதில் பாதியை அது தின்றுவிடுகிறது. கார் ஓட்டலாமே என்கிறார்கள் நல்லெண்ணம் கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. வகுப்புகளோடு சேர்த்து மூவாயிரம் யூரோ வரை போய்விடுகிறது. ஊருக்குப் பணம் அனுப்புகிறவளுக்கு அது சின்னத் தொகையா?

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாத பாஸ் வைத்திருக்கிறேன். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58 ஆனது, 2026-இல் 63 ஆகிவிட்டது. நாடு முழுக்கச் செல்லும், எல்லா நாளும் செல்லும். ஞாயிறு காலை 5 மணிக்கு அதைக் காட்டத்தான் பஸ் இல்லை.

ஞாயிறு ஓய்வு நாள் என்பதை நான் மதிக்கிறேன். உங்கள் அரசியலமைப்புச் சட்டமே அதைப் பாதுகாக்கிறது. கடைகள் மூடியிருக்கும், சுவரில் துளை போடக்கூடாது, காலி பாட்டிலைத் தொட்டியில் போட்டு உடைக்கும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. வந்த புதிதில் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, இப்போது எனக்கே பிடித்துவிட்டது. ஆனால் இதய அடைப்புக்கும் இடுப்பு எலும்பு முறிவுக்கும் ஞாயிறு தெரிவதில்லை. நீங்கள் ஓய்வெடுக்கும் நாளில் உங்கள் அப்பாவுக்கு யாராவது ஊசி போட்டாக வேண்டும். போடுகிறவர் எப்படி மேலே வந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

2024 அக்டோபரில் டெல்லியில் ஓர் அறிவிப்பு வந்தது. திறன் பெற்ற இந்தியர்களுக்கு ஜெர்மனி ஆண்டுக்கு 20,000 விசா கொடுத்தது இனி 90,000 ஆக உயருமாம். வாழ்த்துகள். அந்தத் தொண்ணூறாயிரத்தில் நாலைந்து பேர் நம் ஊருக்கும் வருவார்கள். மருத்துவமனை நிர்வாகம் ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்கும், நீங்களும் வந்து கை குலுக்கிப் படம் எடுத்துக்கொள்வீர்கள். முதல் ஞாயிறு ஷிப்ட் வரும் வரை எல்லாம் நன்றாகவே இருக்கும்.

ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்பதும் உண்மைதான், நாடு முழுக்கவே அப்படித்தான். ஆனால் டிசம்பர் ஞாயிறுகளில் கிறிஸ்துமஸ் சந்தைக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு சிறப்பு பஸ் விட உங்களுக்கு ஓட்டுநர்கள் கிடைத்தார்கள். சூடான வைன் குடிக்கப் போகிறவர்கள் பத்திரமாகப் போய்வர வேண்டியதுதான். அதே நாட்களின் விடியற்காலையில் நாங்கள் நடந்து போனோம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது பெரிய பஸ்கூட அல்ல. எட்டுப் பேர் உட்காரும் வேன் போதும். ஞாயிறன்றும் விடுமுறை நாட்களிலும் 5.45-க்குள் மேலே போக வேண்டும், அவ்வளவுதான். செலவில் பங்கேற்க மருத்துவமனை தயாரா என்று நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். புதிய கால அட்டவணை வழக்கம்போல டிசம்பர் நடுவில், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அமலுக்கு வருகிறது. அதில் இந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தலில் எனக்கு வாக்கு இல்லை, வரி மட்டும் உண்டு. ஆனால் மன்றக் கூட்டத்தில் குடியிருப்போர் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்கு வாக்குரிமை தேவையில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் சிலர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறோம். செவ்வாய்க்கிழமை மாலைதானே, அன்றைக்கு பஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
மருத்துவமனை வார்டு செவிலியர் ஒருவர்