அவை பொம்மைக் கார்கள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் விமான அருங்காட்சியகம் ஒன்றில் கூடிய பழைய மூன்று சக்கரக் கார்களின் படத்தைச் சென்ற இதழில் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். அன்று நானும் அங்கே இருந்தேன். ஆனால் படத்துக்குக் கீழே ‘விமானங்களுக்கு நடுவே பொம்மைக் கார்கள்’ என்று போட்டிருந்தது மனதை உறுத்திவிட்டது. அந்த இடத்தில் நிற்க அவற்றுக்கு இருக்கும் உரிமை வேறு எந்தக் காருக்கும் இல்லை.

முன்வரிசையில் நிற்கும் சிவப்பு வண்டி மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200. ஆமாம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குப் போர் விமானங்கள் செய்து கொடுத்த அதே மெஸ்ஸர்ஷ்மிட்தான். போர் முடிந்ததும் ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை வந்தது. ஆலை இருந்தது, கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள், செய்ய வேலை இல்லை. ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்ற பொறியாளர் அப்போது போரில் ஊனமுற்றவர்களுக்காகச் சின்ன மூன்று சக்கர வண்டிகள் செய்துகொண்டிருந்தார். அதை வளர்த்தெடுத்துத்தான் மெஸ்ஸர்ஷ்மிட் ஆலையில் 1953இல் கே.ஆர்.175 கார் வந்தது, 1955இல் கே.ஆர்.200. அதற்குப் பக்கத்தில் நின்ற ஹைன்கல் காரின் கதையும் இதேதான். 1939இல் உலகின் முதல் ஜெட் விமானத்தைப் பறக்கவிட்ட நிறுவனம், 1956இல் முன்பக்கமாகக் கதவு திறக்கும் இந்தக் குட்டிக் காரைச் செய்தது.

கே.ஆர்.200இல் ஓட்டுபவருக்குப் பின்னால்தான் அடுத்தவர் உட்கார வேண்டும். மேலே மூடியிருக்கும், கண்ணாடி போன்ற கூண்டை ஒருபக்கமாகச் சாய்த்துத் திறந்து ஏற வேண்டும். போர் விமானங்களில் விமானிக்கு மேலே மூடும் கூண்டுகளில் மிஞ்சிப்போனவற்றை எடுத்து மாட்டிவிட்டார்கள் என்று பலர் சொல்வதுண்டு. அது உண்மையில்லை, காருக்கென்றே செய்தது.

அங்கே ஒரு பெரியவர் எனக்காக வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டினார். தனியாக ரிவர்ஸ் கியர் கிடையாது. இன்ஜினை அணைத்தார், சாவியை உள்ளே அழுத்தித் திருப்பினார், இன்ஜின் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது! முன்னால் போக இருக்கும் நாலு கியரும் பின்னால் போகவும் உண்டு. 191 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதன் புகை வாசனை வந்ததும், நம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் சின்ன வயதில் நின்றதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

பிரிட்டனில் அந்தக் காலத்தில் மூன்று சக்கரக் காருக்கு வரி குறைவு, மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும். மழையில் நனையாமல் வேலைக்குப் போக நினைத்த தொழிலாளிக்கு எட்டிய கார் இதுதான். 1960களில் ஹைன்கல் காரை உரிமம் வாங்கி இங்கே செய்தது ட்ரோஜன் நிறுவனம். அதன் ஆலை, நான் இத்தனை வருஷமாக வேலைக்குப் போய்வரும் கிராய்டன் பர்லி வே சாலையில்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அது எனக்கே தெரிந்தது.

அருங்காட்சியகத்தார் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இதையெல்லாம் சொல்லும் ஒரு பலகைகூட வைக்கவில்லை. வந்த குழந்தைகள் கார்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு விமானங்களைப் பார்க்க ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

நம் இதழில் இந்தக் கார்களைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வர வேண்டும். கூண்டு திறந்த நிலையில் நான் எடுத்த நான்கு படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கிராய்டன், இங்கிலாந்து