கலர் திட்டு மட்டும் போதாது, ஸ்கேனின் தரத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளைக் கட்டி அறுவைக்கு முன்னால் எடுக்கும் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சும் கை அசைவும் மூளையில் எங்கே இருக்கின்றன என்று ஸ்கேன் கலரில் காட்டிவிடும், டாக்டர் அந்த இடத்தை விட்டுவிட்டுக் கட்டியை எடுத்துவிடுவார் என்கிற மாதிரி முடித்தது உறுத்தியது. இந்த ஸ்கேன் எடுக்கிற வேலையில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கலர், கணக்குப் போட்டு வரைந்தது. மூளையில் ஓர் இடம் வேலை செய்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு மாறும், அதனால் ஸ்கேனர் பிடிக்கும் சிக்னலும் கொஞ்சம் மாறும். ரத்த ஆக்ஸிஜனைப் பொறுத்து சிக்னல் மாறும் என்பது 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவின் குழுவினர் காட்டிய விஷயம். கொஞ்சம் என்றால் உண்மையிலேயே கொஞ்சம்தான், பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம். இவ்வளவு சன்னமான மாற்றத்தைத் தேடும்போது நோயாளியின் தலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கெட்டுவிடும். அதிலும் மோசம், விரலை மடக்கச் சொல்லும்போதெல்லாம் தலையும் கூடவே ஆடுவது. அப்போது அசைவும் வேலையும் ஒரே தாளத்தில் வருவதால் சாஃப்ட்வேரால் பிரிக்க முடியாது, மூளையின் ஓரங்களில் பொய்த் திட்டுகள் முளைக்கும். பார்க்க அழகாகவே இருக்கும்!

பேச்சுக்கான ஸ்கேன் இன்னும் சிக்கல். ஓர் எழுத்தைக் காட்டி, அதில் தொடங்கும் சொற்களை வாய் அசைக்காமல் மனசுக்குள் சொல்லச் சொல்வோம். சொன்னாரா, பாதியில் தூங்கிவிட்டாரா என்று வெளியே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே சொல் கிடைக்காமல் தடுமாறுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் உள்ளே அனுப்புவதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும், அதே பயிற்சியை இன்னொரு முறையும் எடுத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

அப்புறம் த்ரெஷோல்ட். எந்த அளவுக்கு மேல் இருந்தால் கலர் போடுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார். கூட்டினால் திட்டு கடுகாகச் சுருங்கும், குறைத்தால் பாதி மூளை எரியும். ஆக, திட்டின் விளிம்புக்கும் கட்டிக்கும் இத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று ரிப்போர்ட்டில் எழுதினால், எந்த த்ரெஷோல்டில் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை. 2009இல் சில ஆய்வாளர்கள் செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து அதற்குப் புகைப்படங்கள் காட்டினார்கள். தற்செயலாக அளவைத் தாண்டிவிடும் புள்ளிகளை வடிகட்டும் புள்ளிவிவரத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது அதன் மூளையிலும் ‘செயல்பாடு’ தெரிந்தது.

எனக்கு அதிகம் பயம் தருவது கலர் இல்லாத இடம். கட்டியைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் சில சமயம் சரியாக விரியாது. நரம்பணுக்கள் வேலை செய்துகொண்டிருக்கும், ஆனால் ரத்த ஓட்டம் கூடாததால் படம் வெறுமையாக இருக்கும். அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்து வெட்டினால் என்ன ஆகும்? நோயாளியைச் சில விநாடிகள் மூச்சடக்கச் சொல்லி எடுக்கிற ஒரு சோதனையில் குழாய்கள் எங்கே மந்தமாக இருக்கின்றன என்று ஓரளவு பிடித்துவிடலாம். முன்பே அறுவை நடந்த தலையில் உலோகத் துணுக்கோ பழைய ரத்தக் கசிவோ இருந்தாலும் அந்தப் பக்கம் சிக்னல் விழுந்துவிடும், அதைக் கண்டுபிடிக்கக் கலர் போடாத மூலப் படத்தைத் திறந்து பார்த்தாலே போதும்.

இந்த ஸ்கேன் வீண் என்று சொல்ல வரவில்லை. பேச்சு இடப்பக்கமா வலப்பக்கமா, நோயாளியை விழித்திருக்க வைத்து அறுவை செய்ய வேண்டுமா என்று முடிவெடுக்க நன்றாக உதவும். ஆனால் இந்த இடத்தை எடுக்கலாமா கூடாதா என்கிற கடைசி வார்த்தை, அறுவையின்போது மூளைமேல் நேரடியாக மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பதுதான். மண்டையோட்டைத் திறந்ததும் மூளையே கொஞ்சம் இடம் மாறிவிடும், முதல் நாள் எடுத்த படம் அதோடு நகராது.

அடுத்த முறை இப்படி ஒரு படம் போட்டால், தலை எவ்வளவு அசைந்தது, எந்த த்ரெஷோல்ட், எத்தனை முறை எடுத்தது என்று கீழே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நோயாளியின் வீட்டாரும் இதையே எங்களிடம் கேட்கலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கேன் டெக்னீஷியன்