பின்னங்கால் இழுக்கும் மட்டக்குதிரைக்குச் சூடு மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை, மேலூர், திருமங்கலம் வட்டாரங்களில் வண்டிப் பந்தயத்துக்காகவும் திருமண ஊர்வலத்துக்காகவும் மட்டக்குதிரை வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று பின்னங்காலை இழுத்து நடக்கத் தொடங்கினால், ‘வாதம்’ என்று முடிவு கட்டித் தொடையில் சூடு போடுவதும், பழக்கமான ஒருவரை அழைத்து வலி ஊசி போடச் சொல்வதுமே முதலில் நடக்கின்றன. கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், காரணம் தெரிவதற்கு முன் இவ்விரண்டையும் செய்ய வேண்டாம் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சூடு புதிதாக ஒரு புண்ணைத் தருகிறது. வலி ஊசியோ நொண்டலை மறைத்துவிடுவதால், பிறகு வரும் மருத்துவருக்கு எந்தக் காலில் எந்த இடத்தில் கோளாறு என்பதே பிடிபடுவதில்லை. அந்த ஊசியையும் பிட்டத்தில் தவறான இடத்தில் ஏற்றினால், காலுக்குச் செல்லும் நரம்பு பழுதாகி, இல்லாத முடக்கம் வந்து சேரும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, குதிரை வலியால் காலைத் தாங்குகிறதா, மூட்டு மாட்டிக்கொள்வதால் இழுக்கிறதா, அல்லது கால் தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் தள்ளாடுகிறதா என்பதுதான். கெட்டியான சமதரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நேராக நடத்திச் செல்ல, மற்றொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வலியுள்ள பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும்; மெல்ல ஓட்டினால் அது இன்னும் தெளிவாகத் தெரியும். நரம்புக் கோளாறு என்றால், சிறு வட்டத்தில் திருப்பும்போது வெளிப்பக்கத்துப் பின்னங்கால் அகலமாகச் சுழன்று விழும். நடக்கையில் வாலைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தால் எதிர்த்து நிற்க முடியாமல் உடல் சாயும். குளம்பின் முன்நுனி மட்டும் தேய்ந்திருந்தால், அந்தக் கால் சில காலமாகவே தரையில் உரசி வருகிறது என்று பொருள்.

வலிதான் என்றால் குளம்பிலிருந்து தொடங்குவதே முறை. லாடம் அடித்த சில நாட்களில் நொண்டத் தொடங்கிய குதிரையின் தொடைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆணி உயிர்ப்பகுதியை ஒட்டி இறங்கியிருந்தாலோ, உள்ளே சீழ் கட்டியிருந்தாலோ குளம்பு சூடாக இருக்கும். லாடத்தைக் கழற்றிச் சீழை வெளியேற்றினால் பெரும்பாலும் விரைவிலேயே குணம் தெரியும்.

இளம் மட்டக்குதிரைகளில் அதிகம் காணப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் முழங்கால் சில்லு மாட்டிக்கொள்ளும் கோளாறு. பின்னங்காலில் பின்புறமாகத் துருத்தி நிற்பது நமது கணுக்காலுக்கு இணையான மூட்டு. முழங்கால் அதற்கு மேலே, வயிற்றின் ஓரத்தை ஒட்டி இருக்கிறது. தொடை எலும்பின் அடியில் உட்புறமாக உள்ள மேட்டின் மீது சில்லின் நார் கதவுக் கொக்கிபோல ஏறி மாட்டிக்கொள்வதால்தான் குதிரையால் நின்றபடியே உறங்க முடிகிறது. நடக்கத் தொடங்கும்போது தொடைத் தசை அந்தக் கொக்கியை விடுவிக்க வேண்டும். தசை வற்றிய குதிரையிலும், பிறவியிலேயே பின்னங்கால்கள் அதிகம் நேராக அமைந்த குதிரையிலும் அது விடுபடாமல், கால் பின்னோக்கி நீண்டு விறைத்து நிற்கும். குளம்பு தரையில் இழுபடும். பிறகு திடீரென்று சில்லு விடுபட்டுக் கால் வெட்டி முன்னே வரும். நாலடி பின்னோக்கி நடத்தினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். இத்தகைய குதிரையை நோயாளி என்று கொட்டிலிலேயே கட்டிப்போட்டால் தசை மேலும் வற்றிக் கோளாறு முற்றும். நல்ல தீவனமும், மேட்டுப்பாதையில் படிப்படியாகக் கூட்டப்படும் நடையுமே இதற்குரிய முதல் சிகிச்சை. மாடுகளில் இந்த நாரை வெட்டிவிடும் சிறு அறுவை நம் மருத்துவர்களுக்கு நன்கு பழகியதாகையால், குதிரைக்கும் உடனே அதைச் செய்யுமாறு உரிமையாளர்கள் வற்புறுத்துகிறார்கள். வெட்டிய பின் சில்லின் நுனி சிதைந்து தீராத நொண்டலாகிவிடும் ஆபத்து குதிரையில் உண்டு என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சில நாள் ஓய்வில் இருந்தபோதும் கொள்ளுத் தீவனத்தைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு மறுபடி வண்டியில் பூட்டினால், சிறிது தூரத்திலேயே குதிரை வியர்த்து நின்றுவிடும். பிட்டத் தசைகள் இறுகும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் நிறப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை இது. முந்தைய குதிரைக்கு மருந்தாகும் நடை இதற்குப் பெருங்கேடு. நின்ற இடத்திலேயே நிறுத்தித் தண்ணீர் காட்டிவிட்டு மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

தள்ளாட்டம் என்றால் காரணம் காலிலேயே இருக்காது. மாட்டின் வயிற்றுக் குழியில் தொல்லை தராமல் வாழும் செட்டேரியா என்னும் புழுவின் இளம்பருவத்தைக் கொசுக்கள் குதிரைக்கு ஏற்றிவிடுகின்றன. அது தண்டுவடத்தில் புகுந்தால் பின்பாகம் தளர்ந்து சாய்கிறது. (சில குதிரைகளின் கண்ணுக்குள் வெண்புழு நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் அதுவும் இந்தப் புழுதான்.) மாட்டுத் தொழுவத்திலேயே குதிரையையும் கட்டும் நம் ஊர்ப்பக்கங்களில் இதை முதலிலேயே நினைக்க வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டு வருவது, தீனி தின்றும் மெலிவது, கால்களிலும் அடிவயிற்றிலும் நீர் கோப்பது ஆகியவற்றுக்குப் பின் தள்ளாட்டம் வந்தால், கடிக்கும் பெரிய ஈக்களால் பரவும் சர்ரா நோயா என்று இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் நேரத்தில் எடுத்த இரத்தத்தில்தான் கிருமி எளிதில் அகப்படும். நாய் கடித்த குதிரை தள்ளாடினால் வெறிநோய் என்றே கருதி, வாயில் கைவிட்டு மருந்து ஊட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

மூட்டு மாட்டிக்கொள்வது மருத்துவர் வரும் நேரத்தில் நிகழாமல் போகலாம். ஆகவே பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வதும், கடைசியாக லாடம் அடித்த நாள், போட்ட ஊசி, மாறிய தீவனம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்வதும் பெரிதும் உதவும். கட்டணமில்லாத 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கலாம்.

கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கிராமங்களில் நடத்தும் மருத்துவ முகாம்களுக்கு மட்டக்குதிரைகளையும் கொண்டுவருமாறு முன்கூட்டியே அறிவித்து, அங்கேயே குளம்புச் சோதனையும் சர்ராவுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். பந்தயம் நடத்துவோரும், வண்டியில் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு குதிரையையும் மருத்துவர் முன்னிலையில் வலி மருந்து இல்லாமல் நேராகவும் வட்டமாகவும் நடத்திக் காட்டுவதை நிபந்தனையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
மேலூர், மதுரை மாவட்டம்.