முகட்டில் தெரிந்த வெள்ளைப் புகை

ஆரல்வாய்மொழி

அன்பு மக்களே,

பனிச்சறுக்குக்குப் போயிருக்கும் மணாலியிலிருந்து நீ அனுப்பிய படத்தை அம்மா தெரு முழுவதும் காட்டிவிட்டாள். என் கண் மட்டும் உன் தலைக்கு மேலே இருந்த முகட்டிலேயே நின்றுவிட்டது. அங்கே வெள்ளைப் புகைபோல ஒன்று ஒரே பக்கமாகப் பறக்கிறது. அது மேகம் இல்லை, காற்று வாரிக்கொண்டு போகும் பனி. முப்பது வருடம் காற்றாலையில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா?

ஆடி மாதத்தில் நம் வீட்டு மதிலை நினைத்துப் பார். கணவாய்க் காற்று மோதும் மேற்குப் பக்கம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். புழுதியெல்லாம் மதிலுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். மலையிலும் அப்படித்தான். பனி பெய்வது நின்ற பிறகும் காற்று ஒரு சரிவில் அள்ளி மறுசரிவில் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் துகள்கள் நொறுங்கி, இறுகி, பலகைபோல் ஆகிவிடும். அடியில் உள்ள பனியை அது பிடித்துக்கொள்ளும் முன்பு ஓர் ஆள் எடை ஏறினால் போதும், பலகை முழுவதும் கழன்று ஓடும். அதுதான் பனிச்சரிவு. 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான் இது அதிகம். நீங்கள் சறுக்க ஆசைப்படுவதும் அதே சரிவுகளில்தானே!

வெள்ளி இரவு முழுவதும் பனி கொட்டியது என்று நீதான் சொன்னாய். ஞாயிறு காலை கிளம்புகிறேன் என்றும் சொல்கிறாய். வேண்டாம் மக்களே. புதுப்பனி விழுந்த முதல் இரண்டு நாள் மிக மோசமானது. வானம் வெளுத்திருப்பதை நம்பாதே.

போகும் நாளிலும் காலடியில் 'தும்' என்று சத்தம் கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ அந்த இடத்திலேயே திரும்பிவிடு. பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் கருவி), துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது. அதற்குள் ஊரிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மலையில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. அவர்களில் பெரும்பாலோர் மலையேறப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள்.

ஒருமுறை காற்றாலைக் கோபுரத்தில் பாதி ஏறியபோது காற்று மாறியது. நான் இறங்கிவிட்டேன். மேலதிகாரி எல்லோர் முன்னிலும் திட்டினார். அன்று மாலை நீ பள்ளிக்கூடப் பையோடு என் மடியில் வந்து உட்கார்ந்தாய்.

புதன்கிழமைக்குப் பயணத்தை மாற்றிவிட்டாயா என்று இன்றிரவே போன் செய். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்துக்கொண்டிருக்கிறாள், நாளைக்குப் பார்சல் அனுப்புகிறேன்.

அப்பா